கரையை விட்டுப் போகும் காற்று

புதுச்சேரிக்கு வரும் நம் பங்குக் குடும்பங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்கும் முறை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். காலையில் ஜென்மராக்கினி மாதா பேராலயம், பிறகு தெற்கு நெடுஞ்சாலையின் இருதய ஆண்டவர் பெருங்கோயில், அதன்பின் 1855-இல் எழுந்த கப்ஸ் கோயில். அங்கிருந்து நாலெட்டு வைத்தால் கடல். பிள்ளைகள் அதுவரை அடக்கி வைத்திருந்த பொறுமை கடலைக் கண்டதும் பறந்துவிடும். காந்தி சிலைக்கருகில் நின்று நீரைப் பார்க்கும் பெற்றோர் அலை உயரமாயிருந்தால் பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொள்வர். அலை அடங்கியிருந்தால் கையை விட்டுவிடுவர். இந்த இரண்டாவது பழக்கத்தைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விரும்புகிறேன்.

அலை அடங்கியிருக்கும் கடல் எப்போதும் அமைதியான கடலன்று. சில நாட்களில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அப்போது கரையோர நீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோல் இருக்கும். பார்ப்பவர் மனம் அதில் இறங்கத் துடிக்கும். ஆனால் மிதக்கக்கூடிய எப்பொருளையும், அதன்மேல் ஏறியிருக்கும் எம்மனிதனையும், அந்தக் காற்று ஓசையின்றி ஆழ்கடலுக்குக் கொண்டுபோய்விடும். அண்மைக் காலத்தில் பாய் கட்டிய பலகையிலும், பெரும் பட்டம் பூட்டிய பலகையிலும் கடல்மேல் விரையும் விளையாட்டுகள் நம் இளைஞரையும் எட்டியிருக்கின்றன. விண்ட்சர்ஃபிங் என்றும் கைட்சர்ஃபிங் என்றும் அவற்றைச் சொல்கிறார்கள். எனவே இக்காற்றைப் பற்றி அறிந்து வைத்திருப்பது வீட்டுக்கு வீடு தேவையாகிவிட்டது.

நம் முன்னோர் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயரிட்டவர்கள். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். தென்கோடிக் கரைகளில் மேல்காற்றைக் கச்சான் என்பார்கள். திருமண வாழ்த்து மடல்களில் தென்றலை வீசவிட்டு மற்ற மூன்றையும் நாம் மறந்துவிட்டோம். மீன்பிடிக்கும் குடும்பங்கள் மறக்கவில்லை. மறக்க அவர்களால் இயலாது. புதுவைக் கரை கிழக்கு நோக்கியது. இன்னும் நுட்பமாகச் சொன்னால் சற்றே தென்கிழக்காகச் சாய்ந்தது. ஆகையால் கொண்டல் நம்மைக் கரைக்குத் தள்ளும். கோடை நம்மைக் கடலுக்குத் தள்ளும். இதுவே முதற்பாடம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த மாகே மேலைக் கடற்கரையில் இருக்கிறது. இங்கே ஆளைக் கடலுக்குக் கொண்டுபோகும் அதே மேல்காற்று அங்கே ஆளைக் கரையில் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒரே அரசு, ஒரே காற்று. கரை மட்டும் வேறு. காற்றின் பெயரை மட்டும் அறிந்தவன் பாதியே அறிந்தவன். தான் நிற்கும் கரை எத்திசையைப் பார்க்கிறது என்பதையும் அவன் அறிய வேண்டும்.

இக்காற்றைப் பகையாக்காமல் வேலையாளாக வைத்துக்கொண்ட கலம் ஒன்று நம் கரையில் இருந்தது. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியதால் கட்டுமரம். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த ஆங்கிலேயக் கடலோடி டாம்பியர் தம் பயண நூலில் அதைக் குறித்தார். அச்சொல்தான் இன்று ஐரோப்பிய மொழிகளில் இரட்டை உடல் கொண்ட படகுக்கெல்லாம் பெயராக வழங்குகிறது. மூழ்காத மிதவை, அதன்மேல் நிற்கும் ஒரு மனிதன், அவன் கையில் ஒரு பாய்: இன்றைய பாய்ப்பலகைக்கு இதைவிட நெருங்கிய உறவினர் உலகில் வேறு எங்கே இருக்கிறார்கள்?

கட்டுமரக்காரரின் நாள் காற்றோடு இயைந்தது. இரவில் நிலம் விரைவில் குளிர்கிறது. கடல் வெப்பத்தை விடாமல் வைத்திருக்கிறது. எனவே பின்னிரவிலும் விடியலிலும் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. பள்ளிப் பாடத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் நிலக்காற்று இதுதான். அதைப் பாயில் வாங்கி விடியுமுன் கடலுக்குப் போவார்கள். முற்பகலில் நிலம் சுட்டதும் காற்று திரும்பும். அந்தக் கடற்காற்றில் மீனோடு கரை சேர்வார்கள். போவதற்கு ஒரு காற்று, வருவதற்கு ஒரு காற்று. இரண்டாவது காற்று வரும் என்ற உறுதியின்றி முதற்காற்றில் அவர்கள் பாய் விரித்ததில்லை. பாய்க் கட்டுமரங்கள் போய் இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் வந்துவிட்டன. 2004-இன் ஆழிப்பேரலைக்குப் பின் புதுவைக் குப்பங்களில் பழைய மரங்களைக் காண்பது அரிதாயிற்று. ஆயினும் அந்தக் கணக்கு முதியவர்களின் கண்ணில் இன்னும் மிச்சமிருக்கிறது.

புதிய பலகைகளின் கதை வேறு கண்டத்தில் தொடங்குகிறது. 1960-களில் அமெரிக்காவில் நியூமன் டார்பி என்பவர் பலகையில் பாய் நிறுத்திப் பார்த்தார். 1968-இல் ஹாய்ல் ஷ்வைட்சர், ஜிம் டிரேக் என்னும் இருவர் எத்திசையிலும் சாயக்கூடிய பாய்மரத்துக்கு உரிமம் கேட்டனர். 1984-இல் இவ்விளையாட்டு ஒலிம்பிக் போட்டிகளில் இடம் பெற்றது. பிரெஞ்சு நாட்டினர் இதில் பேரார்வம் காட்டினர். புதுவை வாசகர்கள் கேட்டு வியப்படைய மாட்டார்கள்! பிரித்தானிக் கரையைச் சேர்ந்த லெகாஞோ சகோதரர் இருவர் காற்றடைத்த விளிம்புடைய பட்டம் ஒன்றை உருவாக்கி, 1984 நவம்பரில் காப்புரிமை பதிந்தார்கள். நீரில் விழுந்தாலும் மூழ்காமல் மீண்டும் எழும்பும் பட்டம் அது. அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய பட்டப்பலகை. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அதற்கும் இடம் கிடைத்தது. போட்டி மர்சேய் துறைமுகக் கடலில் நடந்தது.

அதே 1984 நவம்பரில்தான் மற்றொரு பிரெஞ்சுக்காரரின் முடிவும் நேர்ந்தது. அர்னோ தெ ரோனே பாய்ப்பலகையில் உலகப் புகழ் பெற்றவர். 1979-இல் அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் இடையிலுள்ள பேரிங் நீரிணையைப் பலகையிலேயே கடந்தவர். சீனக் கரையிலிருந்து தைவான் தீவை நோக்கித் தனியே பாய் விரித்துப் புறப்பட்டார். அவரும் திரும்பவில்லை, அவருடைய பலகையும் கிடைக்கவில்லை. அவருக்குத் திறமையில் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தனியே போன மனிதனுக்குக் கருவி பழுதானால் என்ன நேர்ந்தது என்று சொல்லவும் ஆள் இல்லை என்பதே அந்நிகழ்ச்சியில் என் மனத்தை உறுத்துவது.

இப்போது அந்தக் காற்றின் வஞ்சகத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அலை எழும்ப வேண்டுமானால் காற்று நெடுந்தொலைவு நீர்மேல் ஓட வேண்டும். நிலத்திலிருந்து புறப்படும் காற்றுக்குக் கரையருகே ஓட்டத் தொலைவு இல்லை. எனவே அலை இல்லை. தொலைவில் அலைகள் நுரைத்தாலும் அவை நம்மை விட்டு அப்பால் நோக்கி உடைகின்றன. நாம் காண்பது அவற்றின் வழுவழுப்பான முதுகை மட்டுமே. நுரையின் வெண்மை மறுபக்கத்தில் மறைந்திருக்கும். வெள்ளை நுரையைப் பார்த்துக் காற்றை மதிப்பிடக் கற்றவன் இங்கே ஏமாந்து போகிறான்.

அடுத்து, கரையிலுள்ள மரமும் சுவரும் காற்றை மறைக்கின்றன. ஒரு தடுப்பின் உயரத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான தொலைவுக்கு அதன் பின்னே காற்று மெலிந்திருக்கும் என்பது உழவர்கள் காற்றுத்தடுப்பு மரம் நடுவதில் கண்ட கணக்கு. பதினைந்து மீட்டர் உயரமுள்ள சவுக்குத் தோப்பு நூற்றைம்பது மீட்டருக்கு மேலும் கடலுக்கு நிழல் தருகிறது என்று கொள்ளலாம். வெயிலுக்கு நிழல் இருப்பதுபோல் காற்றுக்கும் நிழல் உண்டு. நிழலுக்குள் இதமாக இருக்கிறது என்று பாய் விரிக்கிறவன் அதைக் கடந்ததும் முழுக்காற்றில் மாட்டிக்கொள்கிறான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின்மேல் அதன் தாக்கம் நான்கு மடங்காகும். கரையோரம் கையடக்கமாக இருந்த பாய் அங்கே கையைவிட்டுப் பறக்கப் பார்க்கும். மேலும் கட்டிடங்களுக்கிடையே புகுந்து வரும் காற்று சீராக வராது. விட்டுவிட்டு, திசை மாறி மாறி அடிக்கும். பட்டக்காரர்களுக்கு இதுவே பேராபத்து. ஒரு நொடி தளர்ந்து விழுந்த பட்டம் மறுநொடி ஆளைத் தூக்கி எறியும். வெள்ளை நகரத்தின் மாடிவீடுகள் வரிசையாய் நிற்கும் இடத்துக்கு நேரே மேல்காற்றில் பட்டம் ஏற்றுவது துணிச்சல் ஆகாது, அறியாமையே ஆகும்.

இவற்றுக்கெல்லாம் மேலே, எதிர்க்காற்றில் மனிதக் கை எவ்வளவு சிறிது என்பதை எண்ணிப் பாருங்கள். நன்கு நீந்துகிறவரும் நெடுநேரம் மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போவது அரிது. காற்றும் நீரோட்டமும் சேர்ந்து பலகையை மணிக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளினால், அவர் முழுமூச்சுடன் துடுப்பிட்டும் நின்ற இடத்திலேயே நிற்பார். களைத்த கணத்திலிருந்து பின்னே போவார். நீர் விளிம்பில் நிற்கும் சராசரி உயரமுள்ள ஒருவருக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலேயே முடிந்துவிடுகிறது. நீரில் தலை மட்டும் தெரிய மிதப்பவரை அதற்கு வெகு முன்னரே கண் தவறவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆனி மாதக் காலையில், நோயாளி ஒருவரைப் பார்த்துவிட்டு நகருக்கு வடக்கே ஒரு குப்பத்தின் வழியாக வந்துகொண்டிருந்தேன். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் ஊசியை நிறுத்திவிட்டுக் கடலையே பார்த்தார். வெளியூர் இளைஞர் ஒருவர் பாய்ப்பலகையுடன் இறங்கிக்கொண்டிருந்தார். கடல் கண்ணாடிபோல் இருந்தது. “நல்ல நேரம்தானே பெரியவரே, அலையே இல்லையே” என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் பின்னாலிருந்த தென்னையைக் காட்டினார். ஓலைகளெல்லாம் கடலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. “சாமி, போறதுக்கு வழி இருக்கு. வர்றதுக்கு எங்க இருக்கு?” என்றார். பிறகு தம் மருமகப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, படகைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளி வைக்கச் சொன்னார். கூச்சலிட்டு அந்த இளைஞரைத் திரும்ப அழைக்கவும் செய்தார்கள். காற்று அவர்களுடைய குரலையும் எங்கோ கொண்டுபோய்விட்டது.

அரைமணிக்குள் பாய் விழுந்தது. எழுந்தது; மறுபடி விழுந்தது. பிறகு எழவில்லை. எனக்கு ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை, முதியவருக்குத் தெரிந்தது. இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் போய் அவரை ஏற்றிவந்தார்கள். முகம் வெளுத்துக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் பலகையை விடவில்லை. பாயை நீரிலே கிடத்திவிட்டுப் பலகைமேல் குப்புறப் படுத்திருந்தாராம். “அதை விட்டுட்டு நீந்தியிருந்தா நாங்க பலகையை மட்டும்தான் கொண்டாந்திருப்போம்” என்றார் படகோட்டிய பிள்ளை. பணம் நீட்டியபோது முதியவர் எண்ணெய்க் காசை மட்டும் வாங்கிக்கொண்டு மீண்டும் வலைக்குத் திரும்பிவிட்டார்.

இக்காற்று வேதாகமம் படிப்போருக்குப் புதியதன்று. திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தில் புனித பவுலடியாரின் கடற்பயணம் வருகிறது. எங்கள் தலைமுறைக்கு அவர் சின்னப்பர்தான். கப்பல் கிரேத்துத் தீவின் தென்கரையை ஒட்டிப் போகிறது. மெல்லிய தென்றல் வீசவே, நினைத்தது கைகூடிற்று என்று மாலுமிகள் நங்கூரம் தூக்குகிறார்கள். சற்று நேரத்தில் தீவின் பக்கத்திலிருந்து வடகிழக்குச் சூறை இறங்குகிறது. கப்பல் காற்றை எதிர்த்து நிற்க இயலாமல் அதன் போக்கில் விடப்படுகிறது. கரையிலிருந்து இறங்கிய காற்று 276 பேரைப் பதினான்கு இரவுகள் அலைக்கழித்து மால்தாவில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இந்த அதிகாரத்தை மறையுரைக்காக எத்தனையோ முறை படித்த எனக்கு, அந்தத் தென்னை ஓலைகளைக் கண்ட பிறகுதான் அந்த மாலுமிகளின் நிலை முழுமையாக விளங்கியது.

நம் நாட்களிலும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற குமரிக் கரையின் ஊர்களிலிருந்து போன படகுகள் லட்சத்தீவு வரையிலும், மராட்டிய, குஜராத் கரைகள் வரையிலும் அடித்துச் செல்லப்பட்டதை நாம் அறிவோம். திரும்பாதவர்களும் பலர். விளையாட்டுப் பலகையையும் வாழ்க்கைப் படகையும் ஒன்றாக வைத்துப் பேசுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் காற்று இருவரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

இனிப் புதுவையின் மாதங்களைக் கவனிப்போம். பங்குனி, சித்திரை மாதங்களில் பிற்பகல் கடற்காற்று தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் நிதானமாக வரும். கரையோடு ஒட்டியோ, கரையை நோக்கியோ வீசுவதால் தவறி விழுந்தவரைக் காற்றே கொண்டுவந்து மணலில் போடும். ஆனி முதல் புரட்டாசித் தொடக்கம் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மலைத் தொடரைத் தாண்டி, சமவெளியில் சூடேறி வரும் அந்த மேல்காற்று காலை முழுதும் கடலுக்கே போகும். வழக்கமாக நண்பகலை ஒட்டி வரவேண்டிய கடற்காற்று, மேல்காற்று வலுத்த நாளில் மாலை வரை காத்திருக்கும். சில நாட்களில் வராமலே போகும். கட்டுமரக்காரர் நம்பியிருந்த அந்த இரண்டாவது காற்று பொய்த்துப்போகும் நாட்கள் இவை. தென்மேற்குக் காற்று கரையை ஒட்டி வடக்கே ஓடுவதுபோல் தோன்றும். புதுவைக் கரையின் சாய்வினால் அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். இந்த ‘கொஞ்சம் கொஞ்சமாக’ என்பதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடை. அது பொதுவாகக் கரைக்கே வருமாயினும் புயற்சின்னம் நெருங்கும்போது வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் திரும்பி வீசும். 1761-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்கள் பலவற்றை இக்கடலின் புயலொன்று மூழ்கடித்தது. வேறு சிலவற்றைத் தரைதட்ட வைத்தது. 2011 திசம்பர் 30-இல் தானே புயலையும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலையும் நாமே கண்டோம். அந்த மாதங்களில் பலகை விளையாட்டைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

கரையும் பழைய கரையாக இல்லை. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பத்து ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டு நகரத்தின் கடற்கரை கரைந்தது, கருங்கற்களே எஞ்சின. 2018-இல் நீருக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்ததன் பயனாகத் தலைமைச் செயலகத்தின் எதிரே மணல் சிறிது மீண்டது. 1952-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும், 2022 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்து விழுந்த பிற்காலப் பாலமும் இக்கடலின் கைவரிசைக்குச் சாட்சிகள். கற்களுக்கும் தூண்களுக்கும் அருகில் எந்தக் காற்றிலும் பலகை விடலாகாது. கல்வரிசைகளை ஒட்டிக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பிறப்பதும் உண்டு. காற்று தள்ளுவதை நீர் இரட்டிப்பாக்கிவிடும்.

நகருக்கு வடக்கே தந்திராயன்குப்பத்துக் கரையில் வெறும் பலகையோடு அலையேறும் இளைஞர்களைப் பார்க்கலாம். அவர்கள் காலை நிலக்காற்றை விரும்புவார்கள். எதிரே வரும் அலையை அது நிமிர்த்திப் பிடித்து வழுவழுப்பாக்குகிறது என்பார்கள். உண்மைதான். அவர்களிடம் பாய் இல்லை, பட்டம் இல்லை. அலையும் அவர்களைக் கரைக்கே கொண்டுவருகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பாய்க்காரரும், நின்றபடி துடுப்புப் போடும் பலகைக்காரரும் ‘அவர்கள் போகிறார்களே’ என்று இறங்குவதுதான் பிழை. ஒருவருக்கு நண்பனான காற்று மற்றவருக்கு எமன்.

இவ்விளையாட்டு முறையாக நடக்கும் இடங்களில் இக்கணக்கை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதைக் காண இராமேசுவரம் போகலாம். அங்கே நீண்டு குறுகிய நிலத்தின் இரு பக்கமும் கடல். தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் கரைநோக்கிய காற்று. பாக் நீரிணைப் பக்கம் கடல்நோக்கிய காற்று. வாடைக்காலத்தில் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். அறிந்தவர்கள் பருவத்துக்கேற்பப் பக்கம் மாறுகிறார்கள். இலங்கையில் தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு யாத்திரை போனவர்கள் அதே கற்பிட்டித் தீவக்குறையில் வானமெல்லாம் வண்ணப் பட்டங்களைக் கண்டிருப்பர். அங்கே மேலைக் காற்று நிலத்தைக் கடந்து களப்புக்குள் இறங்குகிறது. களப்புக்கு மறுகரை இருப்பதால் தவறியவரைத் தாங்க நிலம் இருக்கிறது. வங்கக் கடலுக்கும் மறுகரை உண்டு. ஆனால் அது அந்தமான்!

அப்படியானால் என்ன செய்வது? கரையில் இறங்குமுன் கடலுக்கு முதுகைக் காட்டி ஊரைப் பாருங்கள். முகத்தில் காற்று பட்டால் அன்றைக்குப் பாயும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். ஒரு பிடி உலர்மணலைத் தூவினாலும், கொடியையோ புகையையோ ஓலையையோ பார்த்தாலும் போதும். இயந்திரப் படகு ஒன்று ஆளோடு நீரில் காத்திருந்தாலன்றி இக்காற்றில் போவதில்லை என்பது இவ்விளையாட்டில் தேர்ந்தவர்கள் தங்களுக்கே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. தொலைபேசியில் அழைத்தால் வரும் படகு போதாது. நீரிலே நிற்கும் படகு வேண்டும். கரைக்காற்று ஆனாலும் தனியே போகக் கூடாது; எத்தனை மணிக்குத் திரும்புவதாகக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டே போக வேண்டும். மிதவைச் சட்டை, ஊதல், நீர் புகாத உறையில் கைப்பேசி ஆகியவற்றைப் பாரமென்று விட்டுச் செல்லலாகாது. கடலில் இருக்கும்போது கரையிலுள்ள இரு அடையாளங்களை, சான்றாகக் கலங்கரை விளக்கத்தையும் அதன் முன்னுள்ள ஒரு கூரையையும், ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துவர வேண்டும். அவை கோட்டிலிருந்து விலகினால் நாம் பக்கவாட்டில் இழுக்கப்படுகிறோம் என்று அறியலாம். அடையாளங்கள் சிறுத்துக்கொண்டே போனால் வெளியே போகிறோம்.

மாட்டிக்கொண்ட பின் முதல் விதி, பலகையை விடாதே என்பது. இரண்டாவது, காலம் தாழ்த்தாதே என்பது. பாய் இரண்டு மூன்று முறை எழவில்லையெனில் நான்காவது முறைக்காக வலிமையைச் செலவிடாமல், கரை அருகில் இருக்கும்போதே பாயைச் சுருட்டிப் பலகைமேல் வைத்துக் கையால் துழாவிவர வேண்டும். அதுவும் இயலாதெனில் பாயையும் மரத்தையும் கழற்றி விட்டுவிட வேண்டும். அதன் விலை எவ்வளவு ஆயினும், வீட்டில் காத்திருக்கும் தாய்க்கு அது விலையே அன்று. பட்டக்காரர் பட்டத்தின் விசையை உடனே விடுவிக்க வேண்டும். விரிந்த பட்டம் இக்காற்றில் ஆளை இன்னும் வேகமாகக் கடலுக்கு இழுக்கும். பிறகு கயிற்றைச் சுற்றிக்கொண்டு, காற்றடைத்த விளிம்பை மிதவையாகப் பற்றிக்கொள்ளலாம். படகைக் கண்டால் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெல்ல உயர்த்தித் தாழ்த்துவது உலகெங்கும் அறிந்த உதவிக் குறி. கரையில் இருப்போர் செய்ய வேண்டியது, கண்ணை எடுக்காமல் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க மற்றொருவர் குப்பத்துக்கு ஓடுவதும், இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்னும் கட்டணமில்லா எண்ணையோ, கடலோரக் காவல் நிலையத்தின் 1093-ஐயோ அழைப்பதும். பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணை எடுத்தால், தேடும் படகு எங்கே போகும்?

பலகை வாங்க வசதியில்லாத நம் குடும்பங்கள் இது நமக்கில்லை என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். லாரிச் சக்கரத்தின் ரப்பர் குழாயும், தெர்மாக்கோல் துண்டும், காற்றடைத்த வாத்துப் பொம்மையும் இக்காற்றுக்குப் பாய்ப்பலகையே. சொல்லப்போனால் அவற்றுக்குத் துடுப்பும் இல்லை, திருப்பவும் வழியில்லை. மேல்காற்றில் பொம்மை மிதந்து போனால் போகட்டும். அதைத் துரத்தி நீந்த எந்தப் பிள்ளையையும் விடாதீர்கள். இங்கிலாந்தில் 1824 முதல் கடலில் உயிர்காக்கும் பணியாற்றிவரும் அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனத்தார், காற்று கடலுக்கு வீசும் நாட்களில் கரையில் செம்மஞ்சள் நிறக் காற்றுப்பை ஒன்றைப் பறக்கவிடுகிறார்கள். அது பறந்தால் காற்றடைத்த மிதவை எதுவும் நீரில் இறங்கலாகாது. எழுதப் படிக்கத் தெரியாத சிறுவனும் அறியக்கூடிய அறிவிப்பு. துணியும் கம்பமும் சேர்த்து எவ்வளவு செலவாகிவிடும்? 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற சின்ன வீராம்பட்டினத்து ஈடன் கடற்கரையிலும், ஞாயிறு மாலைகளில் மக்கள் நெருக்கும் நகரக் கடற்கரையிலும் அப்படி ஒன்றை நிறுத்தும்படி அரசைக் கேட்க நம் பங்கு இளைஞர் மன்றங்கள் முன்வந்தால் நான் கையொப்பமிடுகிறேன்.

இவ்வளவும் படித்தபின் யாரேனும் பாய்ப்பலகையை வெறுத்தால் அதுவும் எனக்கு வருத்தமே. மாசிக்குப் பின் ஒருநாள் பிற்பகல் மூன்று மணியளவில் புதுவைக்கு வந்து கடற்கரைச் சாலையில் நின்று பாருங்கள். 1836-இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கத்தின் அருகே, காற்று தென்கிழக்கிலிருந்து முகத்தில் அடிக்கும். பெண்கள் முந்தானையைச் செருகிக்கொள்வார்கள். சுண்டல் விற்பவரின் காகிதப் பொட்டலங்கள் மேற்கே, ஊருக்குள் பறந்து போகும். அன்றைக்குக் கடலில் எங்கேனும் ஒரு வண்ணப் பாய் தென்பட்டால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.